வண்டியைத் தள்ளினால் வலியில்லை, வெறுங்கையோடு நடந்தால் வலி: முள்ளெலும்பு இணைப்பு அறுவை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கொங்குப் பகுதியின் ஒரு சிறு நகரத்தில் தள்ளுவண்டியில் இட்லியும் பணியாரமும் விற்கும் 58 வயதுப் பெண்ணைப் பற்றியது இந்தக் குறிப்பு. கணவர் இல்லை. சரக்கு ஆட்டோ ஓட்டும் மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன் எல்லாரும் ஒரே வீடு. விடியற்காலையில் எழுந்து மாவுத் தூக்கு, அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு முக்குவரை வண்டியைத் தள்ளிப்போவார். இருபது வருடத்துக்கும் மேலாக இதுதான் பிழைப்பு. சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை சாப்பிட்டு வந்தார், ஆனால் ரத்தத்தில் அளவு பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

2023 ஜூனில் பிசியோதெரபிக்காக என்னிடம் வந்தார். அதிலிருந்து, முள்ளெலும்பு இணைப்பு அறுவை (அடுத்தடுத்த முதுகெலும்புகளை நகராதபடி ஒன்றாகச் சேர்த்துவிடும் ஆபரேஷன்) முடிந்து ஓராண்டு தாண்டும்வரை அவரைத் தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை.

முதுகில் ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் "படுத்த படுக்கையாகிவிடுவார்கள்" என்பார்கள். இல்லையென்றால், "ஸ்க்ரூ வைத்துவிட்டால் எல்லாம் சரி" என்பார்கள். இந்த அம்மாவின் அனுபவம் இரண்டிலும் அடங்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

## முதலில் கவனித்தது

முதல் நாள் ஒரு மஞ்சப்பை நிறையச் சீட்டுகள் கொண்டுவந்தார். வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், பத்து நாள் கரண்ட் சிகிச்சை, எடை கட்டி இழுத்தது என்று எல்லாமே பார்த்தாயிற்று. அத்தனை சீட்டிலும் 'முதுகு வலி' என்றுதான் எழுதியிருந்தது. அவரைப் பேசவிட்டபோது முதல் பேச்சே கால்களைப் பற்றித்தான்.

"வண்டியத் தள்ளீட்டுப் போறப்ப ஒண்ணுமே தெரியறதில்ல கண்ணு. வித்து முடிச்சுட்டு வெறுங்கையோட ரேசன் கடைக்கு நடந்தா, மூணு போஸ்ட் தாண்டறதுக்குள்ள ரெண்டு காலும் மரத்துப்போயிருது. அங்கியே குத்த வெச்சு உக்காந்தா சரியாப் போயிருது."

நோயறிதலில் பெரும்பகுதி இந்த நாலு வரியிலேயே இருந்தது. இடுப்புப் பகுதியில் நரம்புகள் இறங்கிவரும் எலும்புக் குழாய் குறுகிப்போனால், நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் அது இன்னும் நெருக்கும். முன்னால் குனிந்தால் சற்று விரியும். வண்டியைத் தள்ளுகிறவர் கைப்பிடியில் பாரத்தைப் போட்டுக் குனிந்தே நடக்கிறார், அதனால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் நன்றாக நடக்கிறார்களா என்று வெளிநாட்டு மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான்.

வீட்டில் இதுவே அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. மருமகள் கெட்டவர் இல்லை. ஆனாலும், "உக்காந்து மணிக்கணக்கா காய் அரியறாங்க, அவ்வளவு பாரமான வண்டியத் தள்ளறாங்க. ரேசன் கடைக்குன்னா மட்டும் முடியலைங்கறாங்க மேடம்" என்றார். உட்கார்ந்தால் வலி போவதும் குனிந்தால் நடக்க முடிவதும் இந்த நோயின் குணம் என்று அவரை உட்காரவைத்து விளக்கினேன். அன்றிலிருந்து வீட்டுப் பேச்சின் தொனி மாறியது. சிகிச்சையின் முதல் பலன் என்று இதைத்தான் சொல்வேன்.

சர்க்கரை நோயாளிக்கு நடந்தால் கால் வலி என்றால் ரத்தக் குழாய் அடைப்பையும் சந்தேகிக்க வேண்டும். அது ரத்தக்குழாய் வலியாக இருந்தால் சும்மா நின்றாலே தணியும். இவருக்கு நின்றால் தணியவில்லை, உட்கார வேண்டியிருந்தது. இரண்டு பாதத்திலும் நாடித்துடிப்பு நன்றாகவே கிடைத்தது. இடது கால் கட்டைவிரலை என் விரலுக்கு எதிராக மேலே தூக்கச் சொன்னால் வலதைவிட வலு குறைவு. பாதத்தின் மேற்பக்கம் உணர்ச்சி மங்கல். "செருப்பு கழண்டு விழுந்தாத் தெரியறதில்ல, பின்னால வர்றவங்க கூப்பிட்டுச் சொல்றாங்க" என்றார்.

அவசர அறிகுறிகளையும் அன்றே கேட்டேன்: சிறுநீர் அடைப்பது, தன்னையறியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் திடீரென்று செயலிழப்பது. எதுவும் இல்லை. இதில் ஒன்று வந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மகனிடம் எழுதிக் கொடுத்தேன்.

நடை தூரத்தை அவர் தெருவின் மின்கம்பங்களாலேயே கணக்கு வைத்தோம். கம்பத்துக்குக் கம்பம் ஏறக்குறைய 40 மீட்டர். ஜூனில் அவரால் உட்காராமல் கடக்க முடிந்தது மூன்று. ரேஷன் கடை ஒன்பதாவது கம்பத்தில்.

## அறுவை இல்லாமல் முயன்றவை

ஐந்து மாதம் முயன்றோம். வயிற்றுத் தசையையும் இடுப்பையும் வலுப்படுத்தும் பயிற்சி, படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரும் பயிற்சி, வலி வருவதற்கு முன்பே உட்கார்ந்து மறுபடி நடக்கும் முறை என்று செய்தோம். மருத்துவர் நரம்பு வலிக்கு மாத்திரை கொடுத்தார். செப்டம்பரில் முதுகின் நரம்புறையைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. ஐந்து வாரம் அருமையாக இருந்தது, ஆறு கம்பம்வரை நடந்தார். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

நரம்புக் குழாய் குறுகிய பலர் வருடக்கணக்கில் அதே நிலையில் இருப்பார்கள், சிலர் தேறவும் செய்வார்கள். அவசர அறிகுறி இல்லாதவரை காத்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. பயமுறுத்தி அவசரப்படுத்துகிற பேச்சு அடிக்கடி காதில் விழுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நவம்பரில் இவர் நடை இரண்டு கம்பமாகச் சுருங்கியது. இடது கட்டைவிரல் இன்னும் வலுவிழந்தது. சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சொன்னது அப்போதுதான்.

## படங்கள் காட்டியது

எம்.ஆர்.ஐ.யில் மூன்று விஷயம் தெரிந்தது. நான்காவது இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் சற்று முன்னால் சரிந்திருந்தது. அந்த இடத்தில் நரம்புக் குழாய் நன்றாக நெருக்குண்டிருந்தது. அதற்குக் கீழே, ஐந்தாவது முள்ளெலும்புக்கும் முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்புக்கும் நடுவில் உள்ள ஜவ்வு காய்ந்து கறுத்திருந்தது.

நாலாவதும் ஐந்தாவதும் சேரும் இடத்தில் வயது காரணமாக வரும் இந்தச் சரிவு ஐம்பது தாண்டிய பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் எம்.ஆர்.ஐ. படுத்துக்கொண்டு எடுக்கும் படம். படுத்ததும் எலும்பு ஓரளவு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். நிமிர்ந்து நின்று, முன்னால் குனிந்து, பின்னால் சாய்ந்து எக்ஸ்ரே எடுத்தால்தான் எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். இவருக்கு எம்.ஆர்.ஐ.யில் 3 மி.மீ. என்று இருந்த சரிவு, குனிந்தபோது 8, சாய்ந்தபோது 4 மி.மீ. சில நூறு ரூபாய் எக்ஸ்ரே. சிகிச்சையின் திசையைத் தீர்மானித்தது அதுதான்.

ஜவ்வு கறுத்திருப்பதைப் பார்த்துக் குடும்பம் ரொம்பப் பயந்தது. 2015-ல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. படத்தில் தெரிகிற தேய்மானத்துக்கெல்லாம் சிகிச்சை தேவைப்படுவதில்லை. நோயாளி சொல்கிற தொல்லையும், பரிசோதனையில் கிடைப்பதும், படமும் ஒரே இடத்தைச் சுட்ட வேண்டும்.

## இரண்டு மருத்துவர்கள், இரண்டு யோசனைகள்

முதலில் பார்த்த மருத்துவர் எம்.ஆர்.ஐ.யை வைத்து இரண்டு இடத்திலும் இணைப்பு அறுவை செய்யலாம் என்றார். பேச்சு சில நிமிடத்தில் முடிந்து, தேதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நின்று எடுக்கும் எக்ஸ்ரே அப்போது இல்லை.

இரண்டாவது மருத்துவர் எக்ஸ்ரே வரும்வரை பேச்சைத் தள்ளிவைத்தார். கீழ்ப்பக்க ஜவ்வு எந்த நரம்பையும் அழுத்தவில்லை, அந்த இடம் நகரவும் இல்லை, அதைத் தொட வேண்டியதில்லை என்றார். மேல் இடத்தில் நரம்பை விடுவிப்பது, அதாவது நெருக்கும் எலும்பைச் சீவி எடுப்பது, கட்டாயம். கூடவே ஸ்க்ரூ வைத்து இணைப்பதா, விடுவிப்பது மட்டும் போதுமா என்பதை அடுத்து யோசிக்கலாம் என்றார்.

மருத்துவ உலகத்திலேயே இன்னும் முழுதாகத் தீராத விவாதம் இது. 2016-ல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஸ்வீடன் ஆய்வில் 247 பேர். விடுவிப்போடு இணைப்பையும் சேர்த்ததால் இரண்டு வருடத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. அமெரிக்க ஆய்வில் 66 பேர்தான். இணைப்பும் சேர்த்தவர்களுக்கு வாழ்க்கைத் தரம் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது, மறு அறுவையும் குறைந்தது. 2021-ல் நார்வேயின் 16 மருத்துவமனைகளில் 267 பேரிடம் நடந்த ஆய்வு, சரிவு இருந்தாலும் விடுவிப்பு மட்டும் பலருக்குப் போதும் என்று காட்டியது. அதனால் எலும்பு சரிந்திருக்கிறது என்றாலே ஸ்க்ரூ என்ற நிலை இப்போது இல்லை. யாருக்கு எது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர் விஷயத்தில் எலும்பு ஆடிக்கொண்டிருந்தது. முள்ளெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சிறு மூட்டுகளில் நீர் கோத்திருந்தது. பிழைப்போ தினமும் பாரம் தள்ளுவது. நரம்புக்கு இடம் கொடுக்க எலும்பைச் சீவினால் ஆட்டம் கூடலாம் என்பதால், அந்த ஒரு இடத்தில் மட்டும் விடுவிப்பும் இணைப்பும் என்று மருத்துவர் பரிந்துரைத்தார்.

## முடிவு எடுத்த விதம்

மகன் சம்மதித்தார். அம்மா சம்மதிக்கவில்லை. சொந்தத்தில் ஒருவர் முப்பது வருடம் முன்பு முதுகில் அறுவை செய்து, கடைசிவரை எழுந்து நடமாடவில்லையாம். அந்தப் பயத்தை யாரும் கேலி செய்யவில்லை என்பது எனக்கு நிறைவாக இருந்தது. முள்ளெலும்பு இணைப்பு 1911-ல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இருவர் தனித்தனியாகத் தொடங்கியது. எலும்புத் துண்டை மட்டும் வைத்து, அது சேரும்வரை நோயாளியை வாரக்கணக்கில் படுக்கவைத்த காலம் அது. முள்ளெலும்பின் காம்பு வழியாக ஸ்க்ரூ போடும் முறையைப் பாரிஸில் ராய்-கமீல் கொண்டுவந்து, அது உலகெங்கும் பரவிய பிறகுதான் மறுநாளே எழுப்பி நிறுத்துவது சாத்தியமானது.

ஏற்கெனவே இந்த அறுவை செய்துகொண்ட இரண்டு பேரை, அவர்கள் அனுமதியோடு, இவரிடம் பேசவைத்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இவரைப் போலவே கால் மரத்து, அறுவைக்குப் பின் நன்றாக நடக்கிறார். மற்றவர் நாற்பது வயது விசைத்தறித் தொழிலாளி. அவருக்குக் காலில் எதுவும் கிடையாது, முதுகு வலி மட்டும்தான். எலும்பு சரிவும் ஆட்டமும் இல்லாமலே வேறோர் ஊரில் இணைப்பு அறுவை நடந்திருந்தது. வலி அப்படியே இருப்பதாக மனம்விட்டுச் சொன்னார்.

நல்ல கதையை மட்டும் காட்டாமல் இந்த இரண்டாவது மனிதரையும் பேசவைத்ததுதான் முடிவுக்கு உதவியது. 2005-ல் பிரிட்டனில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 349 பேரைப் பாதி இணைப்பு அறுவைக்கும் பாதி தீவிர உடற்பயிற்சி, மனப்பயிற்சித் திட்டத்துக்கும் பிரித்துப் பார்த்தார்கள். அறுவைதான் மேல் என்று சொல்லத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. நரம்பு அழுத்தம் இல்லாத வெறும் முதுகு வலிக்கு இந்த அறுவையின் பலன் அவ்வளவுதான். இவருக்குத் தொல்லை காலில். அந்த வேறுபாட்டை இருவரிடமும் நேரில் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அதன் பிறகு பேரனின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஆபரேஷனால் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதவைத்தார். நாலு வரி. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் உட்காராமல் போய்வர வேண்டும். கடையில் நின்று வேலை செய்ய வேண்டும். தரையில் உட்கார்ந்து பேரனோடு சாப்பிட வேண்டும். முதுகு வலி போக வேண்டும்.

மருத்துவர் அந்தத் தாளை வாங்கி வரிவரியாகப் பதில் சொன்னார். முதல் வரி நிறைவேற நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது ஓரளவுக்கு. மூன்றாவது ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். நாலாவதுக்கு, "பாதி குறைஞ்சா சந்தோஷப்படுங்கம்மா. முழுசாப் போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். கிருமித் தொற்று, நரம்புறை கிழிவது, ஸ்க்ரூ தளர்வது, எலும்பு சேராமல் போவது, பின்னாளில் மேலே உள்ள மூட்டுத் தேய்வது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மரத்துப்போன இடம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றார். "இத்தனையும் சொல்லிப்போட்டாரு, அப்ப பொய் சொல்ல மாட்டாரு" என்று அம்மா சம்மதித்தார்.

## அறுவைக்கு முந்தைய வாரங்கள்

தேதி உடனே கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் கூடாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 8.9 சதவீதம் இருந்தது. 7.5-க்குக் கீழே வந்தால்தான் என்று மருத்துவர் உறுதியாக நின்றார். சர்க்கரை கூடியிருந்தால் புண் ஆறாது, தொற்று வரும், எலும்பு சேர்வதும் தாமதமாகும். இன்சுலின் தொடங்கி, பிப்ரவரி தொடக்கத்தில் 7.3-க்கு வந்தது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் குறைவு தெரிந்தது, எலும்புப் புரை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. வைட்டமின் டி மிகக் குறைவு. அதற்கும் மருந்து. வெற்றிலை போடும்போது கொஞ்சம் புகையிலையும் சேர்ப்பது வழக்கம், கேட்டபோதுதான் சொன்னார். நிக்கோடின் எந்த வழியில் உள்ளே போனாலும் எலும்பு சேர்வதைக் கெடுக்கும். நிறுத்தினார். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்ததாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் திட்டம். முன் அனுமதி வந்தது, அறுவைச் செலவு அதிலேயே முடிந்தது. ஆனால் கட்டில், கமோடு நாற்காலி, வாக்கர், போக்குவரத்து, எல்லாவற்றுக்கும் மேலாக மாதக்கணக்கில் நின்றுபோன கடை வருமானம், இவை எந்த அட்டையிலும் வராது. மகளிர் குழுவில் கடன் வாங்கினார்கள். குடும்பங்கள் திட்டமிட வேண்டிய பெரிய தொகை இதுதான்.

பாயில் படுத்தே பழகியவர். முட்டி உயரக் கட்டில் போட்டு, கட்டிலிலிருந்து எழும் முறையை முன்கூட்டியே பழக்கினேன். இடுப்பைத் திருகாமல் உடம்பு மொத்தமாகக் கட்டை போல ஒரு பக்கம் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது. அறுவைக்குப் பின் வலியில் இருப்பவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

## அறுவையும் மருத்துவமனை நாட்களும்

2024 பிப்ரவரி மூன்றாம் வாரம் அறுவை நடந்தது. சுமார் மூன்றரை மணி நேரம். நரம்பை நெருக்கிய எலும்பும் தடித்த தசைநாரும் அகற்றப்பட்டன. நாலு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. ஜவ்வு இருந்த இடத்தில் சிறு கூண்டு வைத்து, சீவி எடுத்த அவருடைய எலும்பையே அதில் நிரப்பினார்கள்.

மறுநாள் வாக்கரோடு நின்றார். காலில் குடைச்சல் இல்லை என்று உடனே சொன்னார். முதுகில் வெட்டிய வலி இருந்தது, அது வேறு மாதிரி என்றார். நாலாம் நாள் இடது காலில் சுளீர் என்று எரிச்சல் கிளம்பியது. எல்லாம் வீணாகிவிட்டது என்று மகன் கலங்கிவிட்டார். நெருக்கம் விலகிய நரம்பு வீங்கி எரிவது சில நாளில் வருவதுண்டு. காலின் வலு குறைகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்து, இரண்டும் சரி என்றதும் மருந்தை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் அடங்கியது.

அந்த வாரம் அவரை அதிகம் வதைத்தது மலச்சிக்கல். வலி மருந்தும் படுக்கையும் சேர்ந்தால் வரும். முக்கினால் முதுகில் பிடிக்கிறது, அதனால் போகவே பயம். மலமிளக்கி மருந்தை வலி மாத்திரையோடு முதல் நாளே தொடங்கியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

## வீட்டில் முதல் ஆறு வாரம்

குனியக் கூடாது, திருகக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. சொல்வது சுலபம். நம் வீடுகளில் எல்லாமே தரையில் இருக்கிறது. குழாயடிக் குடம், அம்மி, அரிவாள்மணை, குளிக்கும் கல், கழிப்பறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி, வாளியை ஸ்டூல் மேல் வைப்பது, கழிப்பறைக்குக் கமோடு நாற்காலி. வாசல் பெருக்கிக் கோலம் போடுவதை மருமகள் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் யாரும் பார்க்காதபோது இந்த அம்மாவே குனிந்து கோலம் போட்டுவிட்டார் என்று பேரன் என்னிடம் போட்டுக்கொடுத்தான்.

நடைதான் முக்கியப் பயிற்சி. ஒரே மூச்சில் நீளமாக நடக்காமல், வீட்டுக்குள் ஒரு நாளில் பல முறை ஐந்து நிமிடம். பெல்ட்டை உட்காரும்போதும் நடக்கும்போதும் மட்டும் போட்டார்.

மூன்றாம் வாரம் தையல் பிரித்த இடத்தின் கீழ்முனையில் ஈரம் கசிந்தது. காய்ச்சல் இல்லை. மருமகள் போட்டோ எடுத்து அனுப்பினார், அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். மேலோட்டமான தொற்றுதான். வீட்டில் சர்க்கரை 260 காட்டியது. சொந்தக்காரர்கள் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். இன்சுலினைக் கூட்டி, ஆன்டிபயாடிக் கொடுத்து, தினமும் கட்டு மாற்றி பத்து நாளில் ஆறியது. ஓரிரு நாள் தாமதித்திருந்தால் தொற்று ஸ்க்ரூவரை போயிருக்கலாம்.

ஐந்தாம் வாரம் அழுதார். வலி பெரிதாக இல்லை. வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது, மகனிடம் கைச்செலவுக்குக் கேட்க வேண்டியிருக்கிறது, "எதுக்குத்தான் பண்ணிக்கிட்டனோ" என்றார். இந்த அறுவைக்குப் பின் நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் மனம் இப்படிச் சரிவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியை போன் செய்து தானும் அதே வாரத்தில் அழுததைச் சொன்னார். நான் சொன்ன எதையும்விட அது வேலை செய்தது.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ அசையவில்லை. அப்போது நடை பத்துக் கம்பம்.

## மூன்றாம் மாதம் முதல் ஓராண்டு வரை

மூன்றாம் மாதம் பெல்ட்டை விட்டார். வயிறு, புட்டம், தொடைத் தசைகளுக்கான பயிற்சி தொடங்கியது. பஸ் ஏறி என்னிடம் வர முடியாத வாரங்களில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். சர்க்கரை மாத்திரையும் அதே திட்டத்தில் வீடு தேடி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டில் இயன்முறை சிகிச்சையும் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

ஐந்தாம் மாதம் கடையை அரை நாள் திறந்தார். அதற்கு முன் வண்டியை மாற்றினோம். கைப்பிடியைப் பட்டறையில் கொடுத்து உயர்த்தினார் மகன். அடுப்பை அரை அடி தூக்கி வைத்ததால் இட்லிச் சட்டியைக் குனியாமல் இறக்க முடிந்தது. ஒரே பெரிய தூக்கில் இருந்த மாவு சின்னச் சின்ன வாளிகளுக்குப் போனது. பழைய கிரைண்டரில் கல்லைத் தூக்க வேண்டும், அதனால் சாய்க்கிற கிரைண்டர் வாங்கினார்கள். சிலிண்டரை ஏற்றி இறக்குவது இனி எப்போதும் மகன் வேலை.

ஓராண்டு முடிந்ததும் எடுத்த சி.டி. ஸ்கேனில் கூண்டு வழியாக எலும்பு சேர்ந்திருந்தது.

## இப்போதைய நிலை

நோட்டுத் தாளின் முதல் வரி நிறைவேறியது. ரேஷன் கடைக்கு உட்காராமல் போய்வருகிறார். கோயிலுக்கும் போகிறார், படிக்கட்டில் கைப்பிடி பிடித்து. இடது கட்டைவிரலின் வலு திரும்பியது.

இரண்டாவது வரி பாதி. அடுப்படியில் முக்கால் மணி நேரம் நின்றால் முதுகு கனக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம், நின்று கொஞ்ச நேரம் என்று வேலையை மாற்றிக்கொண்டார். சாயங்காலக் கடையை விட்டுவிட்டார், அதனால் வருமானம் முன்பைவிடக் குறைவு. மூன்றாவது, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், எழும்போது பேரன் கை கொடுக்கிறான். நாலாவது, முதுகு வலி பத்துக்கு ஏழாக இருந்தது மூன்றாகியிருக்கிறது என்று அவரே சொல்கிறார். குளிர்காலத்தில் கூடும். பாதத்தின் மேல் மரத்த இடம் அப்படியேதான் இருக்கிறது. செருப்புக்குப் பின்வார் போட்டிருக்கிறார்.

மறுபடி முடிவெடுக்கச் சொன்னால் செய்துகொள்வீர்களா என்று கேட்டேன். "செய்வன் கண்ணு. ஆனா அஞ்சு மாசம் கடையில்லாம எப்படி ஓட்டறதுன்னு மொதல்ல வழி பண்ணிப்போட்டுத்தான்" என்றார்.

## மாற வேண்டியவை

முதுகு வலி என்று எழுதிய சீட்டோடு வரும் ஐம்பது தாண்டிய ஒவ்வொருவரிடமும், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எதனால் தணிகிறது என்ற இரண்டு கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும். இவர் எங்கள் இடத்துக்கு வருவதற்கு முன் எடுத்துக்கொண்ட இழுவை சிகிச்சைக்கும் கரண்டுக்கும் செலவான காசும் மாதங்களும் மிச்சமாகியிருக்கும்.

நின்றும் குனிந்தும் எடுக்கும் எக்ஸ்ரே இல்லாமல் இணைப்பு அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது. குடும்பங்களும் இதைக் கேட்கலாம், கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். இரண்டாவது கருத்தைப் பெறுவது முதல் மருத்துவரை அவமதிப்பதும் ஆகாது. இவருக்கு அது ஒரு மூட்டைக் காப்பாற்றியது. இணைத்த மூட்டின் வேலையைப் பக்கத்து மூட்டு சேர்த்துச் சுமப்பதால், தேவையில்லாமல் இணைக்கும் ஒவ்வொரு இடமும் பின்னாளில் பாரம்தான்.

சர்க்கரை, வைட்டமின் டி, புகையிலை மூன்றையும் அறுவை பற்றிய பேச்சு தொடங்கும் நாளிலேயே பார்க்க வேண்டும். இவர் விஷயத்தில் ஜூனிலேயே இன்சுலின் பற்றி யோசித்திருந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. வீடு திரும்பிய பிறகும் முதல் மாதம் தினமும் சர்க்கரை பார்ப்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுத வேண்டும். பார்க்க வருகிற உறவினர் எதைக் கொண்டுவரக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இப்போது அறுவைக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு முன்கூட்டியே ஒரு முறை போய், கட்டில், கழிப்பறை, குளிக்கும் இடம், சமையல் மேடை, தொழில் செய்யும் இடம் எல்லாவற்றின் உயரத்தையும் அளந்து வருகிறோம். கடை வைத்திருப்பவர்களுக்கு, கடையை யார் நடத்துவது, நடத்த ஆள் இல்லையென்றால் எத்தனை மாதத்துக்குக் கையில் காசு வேண்டும் என்ற கணக்கையும் தேதி குறிப்பதற்கு முன்பே மகன், மருமகளோடு உட்கார்ந்து போட்டுவிடுகிறோம்.